முதல் உலுக்கு

பேரிகை ஏரிக்கரைப் புளிமரங்கள் அந்தக் கார்த்திகையில் ஏலத்துக்கு வந்தபோது, கோவிந்தப்பனுக்குப் புளி தேவைப்படவில்லை. ஓசூரில் அவனுடைய மண்டிக் கிடங்கு பழைய புளியாலேயே பாதி நிறைந்து கிடந்தது. மொழிவாரியாக மாநிலம் பிரித்த பரபரப்பு அப்போதுதான் அடங்கியிருந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் வாங்கினால் என்ன வரி, அந்தப் பக்கம் வாங்கினால் என்ன வரி என்று புரியாமல் பெங்களூர் வியாபாரிகள் கொள்முதலைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார்கள். நிதானமான வியாபாரி அப்படிப்பட்ட வருடத்தில் புதிதாக மரம் எடுக்கமாட்டான். கோவிந்தப்பன் நிதானமான வியாபாரிதான். ஆனால் அருள்ஜோசப் அந்த மரங்களைக் கேட்பான் என்பது அவனுக்குத் தெரியும். அதனால்தான் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் ஏலக் கூட்டத்தில் முன்னால் உட்கார்ந்தான்.

இருவரும் ஒரே மண்டியில் மூட்டை தைத்து வியாபாரம் பழகியவர்கள். பிறகு தனித்தனியாகக் கடை வைத்தார்கள். மத்திகிரிக்காரனான ஜோசப் புளியோடு தோல் வியாபாரமும் செய்தான். மத்திகிரி மாட்டுப் பண்ணைக்கு வந்துபோன வெள்ளைக்காரத் துரைமார்களுக்குக் கரடித்தோலும் மான்கொம்பும் விற்றான். அவனிடம் நல்ல துப்பாக்கி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இருவரும் சைக்கிளில் ஏரி ஏரியாகப் போய் வாத்து சுடுவார்கள். சுடுவது ஜோசப். தண்ணீரில் இறங்கி எடுத்துவருவது கோவிந்தப்பன்.

ஒரு பங்குனியில் பேரிகைக்குப் புளி பார்க்கப் போன ஜோசப், கூட்டில் நின்ற நாரை ஒன்றைச் சுட்டுவிட்டு இரண்டு நாள் ஊர்ச் சாவடியில் தங்கினான். திரும்பி வந்து கோவிந்தப்பனிடம் மட்டும் சொன்னான்: "குஞ்சுங்க கத்துச்சுடா. விடிய விடிய கத்துச்சு. அடுத்த நாளும் நிக்கல. அப்புறம் நின்னுபோச்சு. நின்னதுதான்டா தாங்கல." கோவிந்தப்பன் சிரித்தான். வேறு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு ஜோசப் துப்பாக்கியைச் சர்க்காரிடம் ஒப்படைத்தான். தோல் வியாபாரத்தை விட்டான். ஊருக்குக் கப்பலேறிய துரை ஒருவரின் பைனாகுலரை விலைக்கு வாங்கினான். சூளகிரிப் பக்கம் கண்ணி வைத்துக் கௌதாரி பிடித்தவர்களுக்குத் தன் மண்டியில் வேலை கொடுத்தான். ஏரிகளில் சுடக் கூடாது என்று உத்தரவு கேட்டுக் கேட்டு, சேலத்துக் கலெக்டர் ஆபீஸ் வராந்தா அவனுக்கு வீடு மாதிரி ஆகிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, வருடா வருடம் பேரிகை ஏரிக்கரை மரங்களை ஏலத்தில் எடுத்தான். எடுத்து, உலுக்காமல் விட்டான். ஏனென்றால் மார்கழியில் அந்த மரங்களில்தான் மஞ்சள் மூக்கு நாரைகள் வந்து கூடு கட்டும். புளி பழுக்கிற பருவமும் குஞ்சுகள் வளர்கிற பருவமும் ஒன்று. கோல் போட்டு அடித்தால் புளியோடு குஞ்சும் விழும்.

பேரிகையில் ஒரு வழக்கம் உண்டு. மரம் எடுத்தவன் தன் கையால் தொரட்டி போட்டு முதல் கிளையை உலுக்க வேண்டும். அதுதான் முதல் உலுக்கு. அது நடக்கும்வரை கூலிக்காரன் மரமேற மாட்டான்; தானாக உதிர்கிற பழம் பொறுக்குகிறவர்களுக்குச் சொந்தம். முதல் உலுக்கு ஆகிவிட்டால், மண்ணில் கிடக்கிற ஒற்றைப் பழம்கூட மரம் எடுத்தவனுடையது. ஜோசப் ஒரு வருடமும் முதல் உலுக்கு போடவில்லை. ஏரிக்கரைப் பெண்கள் கூடை கூடையாக உதிர்புளி பொறுக்கினார்கள். நாரை எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்த வயலில் நெல் கருகருவென்று வந்தது. ஊர் அவனை நாரை ஐயா என்றது.

கோவிந்தப்பனுக்கு அந்தப் பேர்தான் தொண்டையில் நின்றது. பேரிகை அவனுக்குப் பெண் கொடுத்த ஊர். அங்கே போனால் எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளை. சாப்பாடு போடுவார்கள், வெற்றிலை வைப்பார்கள், வைத்துவிட்டு நாரை ஐயாவைப் பற்றிப் பேசுவார்கள். அவன் மனைவி மங்கம்மாவே, "ஜோசப்பண்ணன் மாதிரி மனசு எத்தினி பேருக்கு வரும்?" என்பாள். மாரியம்மன் கோயிலுக்குக் கூரை ஓடு போட்டது கோவிந்தப்பன். யாராவது அவனை ஓட்டு ஐயா என்றார்களா?

ஏலத்தை நடத்திய பிரசிடெண்ட் சென்னப்பன், மரத்தின் பேரைப் படிக்கும்போதே ஜோசப் பக்கம் திரும்பிச் சிரித்தார். "ஏரிக்கரை மரம். நாரை ஐயா வழக்கம்போல. அடுத்தது..."

"நான் கேக்கறேன்" என்றான் கோவிந்தப்பன்.

"இன்னா மாப்ளே, தூக்கத்துல பேசறியா?"

கூட்டம் சிரித்தது. கோவிந்தப்பன் சிரிக்காமல் தொகையைச் சொன்னான். ஜோசப் அதற்கு மேல் சொன்னான். கோவிந்தப்பன் அதற்கும் மேல் போனான். தோல் வியாபாரம் போன பிறகு ஜோசப்பின் கை எவ்வளவு நீளும் என்று ஓசூர் மண்டித் தெருவில் அவனைவிடத் தெரிந்தவர் கிடையாது. அந்த இடத்துக்கு ஒரு சாண் மேலே போய் நின்றான்.

ஜோசப் எழுந்து அவன் பக்கத்தில் வந்தான். கோபமாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும். குழம்பிப்போய் இருந்தான். "கோவிந்தா, நிஜமாவே உனக்கு அந்த மரம் வேணுமா?"

"வேணான்னா ஏலத்துக்கு வருவனா?"

சென்னப்பன் மூன்று தரம் சொல்லி முடித்தபோது கூட்டத்தில் சத்தமே இல்லை. கோவிந்தப்பன் ஏலத்தில் ஜெயித்து இப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை.

மார்கழி பிறந்தது. நாரைகள் வரவில்லை.

மார்கழி பாதி போயிற்று. கோலம் போட்டுவிட்டு வந்த மங்கம்மா, சாணிக் கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "எங்க ஊர்ல இன்னும் நாரை எறங்கலியாம். மரம் கை மாறினது அதுங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு சொல்றாங்க."

"அதுங்க என்ன பத்திரம் படிச்சுப் பாத்துச்சா?"

"எங்கிட்ட எதுக்கு எகிர்றீங்க? ஊர்ல சொல்றத சொன்னேன்."

காய் எப்படிப் பிடித்திருக்கிறது என்று பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு அவன் பேரிகைக்குப் போனான். மரத்தடியில் நின்றான். காய் சடை சடையாகத் தொங்கியது. அவன் அதைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்தான். அடுத்த வாரமும் போனான். பழைய கூடுகளின் சுள்ளிகள் கிளைகளில் செருகிக் கிடந்தன. காலி வீட்டின் முன்னால் நிற்பது மாதிரி இருந்தது. மரத்தைத்தான் வாங்கினோம், நாரை எக்கேடு கெட்டால் நமக்கென்ன என்று சொல்லிப் பார்த்தான். மனசு கேட்கவில்லை. அவனுக்கு இப்போது ஒன்றுதான் வேண்டியிருந்தது. அவன் பேரில் இருக்கிற மரத்துக்கு அந்தப் பறவைகள் வர வேண்டும். ஜோசப்புக்கு வந்ததுபோல் அவனுக்கும் வர வேண்டும்.

பொங்கல் கழிந்து, மண்டியில் ராகி மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்தபோது, மரமேறும் கூலிக்காரர்களின் மேஸ்திரி முனிராஜ் வந்தான். "அண்ணா, வந்துடுச்சுங்க. கரை பூரா வெள்ளையா கீது."

கோவிந்தப்பன் தராசை அப்படியே விட்டுவிட்டுப் போய் பஸ்ஸில் ஏறினான்.

கரையில் நின்று அண்ணாந்து பார்த்தான். மஞ்சள் அலகு. கருப்பும் வெள்ளையுமான இறக்கை. வால் பக்கத்தில், கல்யாணப் பெண்ணின் கன்னத்தில் யாரோ பொடி பூசிவிட்ட மாதிரி ஒரு ரோஸ் நிறம். இத்தனை வருடம் வந்துபோயும் அதை அவன் கவனித்ததில்லை. வளர்ந்த நாரைக்குக் குரல் இல்லை. அலகோடு அலகு தட்டிக்கொண்டன. எங்கும் மீன் நாற்றம். சட்டைத் தோளில் எச்சம் விழுந்தது. அவன் துடைக்கவில்லை. நெஞ்சுக்குள் என்னவோ பொங்கிக்கொண்டு வந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

எதிரே கூடையோடு வந்தாள் வெள்ளையம்மா. மங்கம்மாவுக்குச் சித்தி முறை. கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிற வாய்க்காரி.

"பாத்தியா மாப்ளே! நம்ம நாரை ஐயாவோட கொக்கரெ எல்லாம் வந்துடுச்சு!"

பொங்கியது அப்படியே உள்ளே அடங்கிப்போயிற்று. "ஆமா, வந்துடுச்சு" என்றான்.

மாசியில் பழம் கருக்க ஆரம்பித்தது. மற்ற கரைகளில் உலுக்கு நடந்துகொண்டிருந்தது. முனிராஜ் இரண்டு முறை வந்து கேட்டுவிட்டுப் போனான். பிறகு ஒரு மத்தியானம் ஜோசப்பே மண்டிக்கு வந்தான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, புளி மூட்டை மேல் உட்கார்ந்தான். அந்தக் காலத்தில் உட்கார்ந்த அதே மாதிரி.

"குத்தகைய எம்பேருக்கு மாத்திக் குடுடா. நீ போட்டதுக்கு மேலயே தரேன். மத்திகிரி வீட்டு மேல வாங்கியாச்சும் தரேன்."

வீட்டின் மேல் கடன். இவன் இவ்வளவு தூரம் போவானா? கோவிந்தப்பன் மனசுக்குள் கணக்குப் போட்டான். லாபத்துக்கு லாபம், சுமை கழன்ற மாதிரியும் ஆகும். ஆனால் கொடுத்தால் என்ன ஆகும் என்பதும் உடனே கண்ணில் தெரிந்தது. வீட்டை அடகு வைத்து நாரையைக் காப்பாற்றினார் நாரை ஐயா என்று பேரிகை இன்னும் மூன்று தலைமுறைக்குப் பேசும். பக்கத்தில், காசு வாங்கிக்கொண்ட மாப்பிள்ளையும் நிற்பான்.

"மாட்டேன்."

"அப்போ என்னதான்டா பண்ணப்போற? குஞ்சு எல்லாம் இன்னும் இறக்கையே மொளைக்காம கெடக்குது. உகாதி வரைக்கும் பொறுத்தா பறந்துடும்."

"மரம் என்னுது. வர்ற வெள்ளிக்கிழமை முதல் உலுக்கு. அதுவரைக்கும் எம் மரத்துக்குக் கீழ வெளியாள் யாரும் வரக்கூடாது. நீயும்தான்."

அப்படிச் சொல்லப்போவதாக அவனே நினைத்திருக்கவில்லை. ஜோசப்பின் முகம் வெளுத்ததைப் பார்த்ததும், சொன்னது இனித்தது. அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போன பிறகு, அந்த இனிப்பு நாக்கில் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஏரிக்கரைக்கு ஊரே வந்துவிட்டது. முனிராஜின் ஆட்கள் கோல்களைச் சாய்த்து வைத்துவிட்டுப் பீடி பிடித்தார்கள். மரத்தடியில் சூடம் தயாராக இருந்தது. பெண்கள் காலிக் கூடைகளோடு ஒதுங்கி நின்றார்கள். மரத்துக்கு அப்பால், குத்தகை எல்லைக்கல்லைத் தாண்டாமல், ஜோசப் தனியாக நின்றான். பைனாகுலர் கழுத்தில் தொங்கியது. கையில் எடுக்கவில்லை.

"பொண்ணு குடுத்த ஊருக்கு நல்லாத்தான் சீர் செய்யற மாப்ளே" என்றாள் வெள்ளையம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி.

"அத்தே, சும்மா இருங்க. புளி வியாபாரி புளி எறக்காம உப்பா எறக்குவாரு?" என்றான் முனிராஜ். யாரும் சிரிக்கவில்லை.

சூடம் ஏற்றினார்கள். கோவிந்தப்பன் தொரட்டியை வாங்கித் தாழ்ந்த கிளையில் மாட்டினான். மாட்டியபோது அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. நேர் மேலே ஒரு கூடு. வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. தாய் நாரை வெயிலுக்கு முதுகைக் காட்டி, இறக்கைகளைப் பாதி விரித்து நின்றது. அந்த நிழலுக்குள் சாம்பல் பூத்த குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. அது கீழே குனிந்து அவனைப் பார்த்தது. பறக்கவில்லை. பறந்தால் குஞ்சுகள் மேல் வெயில் விழும்.

ஒரு இழுப்பு போதும். தயங்கியபடியே அவன் கூட்டத்தைப் பார்த்தான்.

ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை.

வெள்ளையம்மா பார்க்கவில்லை. சென்னப்பன் பார்க்கவில்லை. பிறந்த வீட்டுப் பெண்களோடு நின்ற மங்கம்மாகூடப் பார்க்கவில்லை. எல்லோருடைய கண்ணும் எல்லைக்கல்லுக்கு அப்பால் நின்றவன் மேல் இருந்தது. ஐயோ, இதை எப்படித் தாங்குவாரோ என்று அத்தனை முகமும் கேட்டது. கோவிந்தப்பனுடைய மரம், அவனுடைய தொரட்டி, அவனுடைய சூடம். அவன் இழுத்தாலும், விழப்போவது ஜோசப்பின் குஞ்சுகள். அழப்போவது ஜோசப்புக்காக. இன்றைக்கு அவன் இதை உலுக்கினால், அந்த நாரைகளைச் சாகும்வரை ஜோசப்புக்கே பட்டா எழுதிக் கொடுத்ததாக ஆகும்.

தொரட்டியைக் கழற்றித் தரையில் போட்டான்.

"இன்னாண்ணா ஆச்சு?" என்றான் முனிராஜ்.

"பழம் இன்னும் கருக்கல. உகாதி போவட்டும்."

"நல்லா கருத்துக் கெடக்குதேண்ணா."

"எனக்குத் தெரியாதா? போங்க எல்லாம். கூலி மண்டியில வந்து வாங்கிக்குங்க."

அன்று இரவு சோறு போடும்போது மங்கம்மாவின் முகம் மலர்ந்திருந்தது. அவன் ஆசையோடு காத்திருந்தான். அவள் குழம்பை ஊற்றிவிட்டுச் சொன்னாள்: "ஜோசப்பண்ணன் வெயில்ல வந்து நின்னதைப் பாத்து உங்களுக்கே மனசு எளகிப்போச்சு, பாத்தீங்களா?"

"அவனைப் பாத்து இல்லடி!"

"சரி சரி. யாரைப் பாத்தா என்ன?"

பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினான்.

உலுக்கு இல்லாததால் உதிர்புளி பெண்களுக்குப் போயிற்று. அவர்கள் பொறுக்கினார்கள், பொறுக்கிக்கொண்டே நாரை ஐயா மாப்பிள்ளையிடம் கெஞ்சிய கதையைப் பேசினார்கள். கதையில் ஜோசப் மண்டி வாசலில் ராத்திரி முழுக்க நின்றதாக ஆகியிருந்தது. கோவிந்தப்பன் அதைக் காதால் கேட்டான். ஏனென்றால் அவன் இப்போது அநேகமாக அங்கேயேதான் இருந்தான். பழத்தைக் காவல் காக்கிறேன் என்றான். காவல் காக்க எதுவும் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். மண்டியை மைத்துனனிடம் விட்டுவிட்டுக் காலை பஸ்ஸில் வந்து, கரையில் துண்டை விரித்து உட்கார்ந்தான். பருந்து வட்டமிட்டால் எழுந்து கைதட்டினான். கிளையோரக் கூட்டில் ஒரு குஞ்சு மற்றதின் தலைமேல் ஏறி நின்று இரை பிடுங்குவதைப் பார்த்து, "டேய், டேய்" என்று அதட்டினான். பெரிய நாரை தொண்டையில் தண்ணீர் கொண்டுவந்து குஞ்சுகள் மேல் ஊற்றிக் குளிரவைப்பதைக் கண்ட அன்று, வீட்டுக்கு வந்து அதை மங்கம்மாவிடம் சொல்லப்போனான். "ஆமா, ஜோசப்பண்ணன் சொல்லியிருக்காரு" என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்து, சொல்லாமலே படுத்தான்.

நாரைகள் அவனுக்குப் பழகின. முதலில் அவன் எழுந்தாலே இறக்கை அடித்தவை, பிறகு அவன் மரத்தைச் சுற்றி நடந்தாலும் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டன.

உகாதி வந்தது. ஊரில் வேப்பம்பூவும் வெல்லமும் வைத்தார்கள். மாமியார் வீட்டில் ஒப்பட்டு சாப்பிட்டுவிட்டு அவன் கரைக்கு வந்தபோது, எல்லைக்கல்லருகே ஜோசப் நின்றிருந்தான். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இன்றைக்குத்தான் வந்திருக்கிறான். வரக்கூடாது என்று சொன்னதை அப்படியே காப்பாற்றியிருந்தான்.

"வரலாமாடா?" என்றான் ஜோசப்.

"வா."

ஜோசப் கல்லைத் தாண்டி மரத்தை நோக்கி நடந்தான். நிழலுக்குள் கால் வைத்ததுதான் தாமதம். மேலே படபடவென்று இறக்கைகள் அடித்துக்கொண்டன. நாரைகள் மொத்தமாக எழும்பி ஏரிக்கு மேல் வட்டம் போட்டன. வளர்ந்த குஞ்சுகள் கூட்டோடு ஒட்டிப் படுத்தன. ஜோசப் அப்படியே நின்றுவிட்டான். கோவிந்தப்பன் எதையும் யோசிக்காமல் தன் வழக்கமான இடத்துக்குப் போய், அடிமரத்தில் கை வைத்து நின்றான். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக இறங்கின. அவன் தலைக்கு நேர் மேலேயே வந்து உட்கார்ந்தன.

ஜோசப் நாரைகளைப் பார்த்தான். பிறகு கோவிந்தப்பனைப் பார்த்தான்.

"அந்த வடக்குக் கிளைக் கூடு... போன வருஷம் கலைஞ்சுபோச்சே. இந்த வருஷம் பொரிச்சுதா?" குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அவன் உதட்டோரம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. தொப்பியைப் பிடித்த விரல்கள் அதன் விளிம்பைக் கசக்கின. கோவிந்தப்பனுக்கு அந்த முகத்தை நன்றாகத் தெரியும். ஷேவ் செய்யும்போது கண்ணாடியில் பல வருடமாகப் பார்த்துவந்த முகம்.

எத்தனையோ நாள் ஆசைப்பட்டது கையில் வந்து விழுந்த மாதிரி இருந்தது. சந்தோஷப்படத்தான் பார்த்தான். அதற்குள் மேலே ஒரு குஞ்சு கூட்டு விளிம்பில் ஏறி நின்று தடுமாற, கண் அங்கே போய்விட்டது.

"பொரிச்சுது" என்றான், கண்ணை எடுக்காமல். "கொஞ்சம் தள்ளியே நில்லு ஜோசப்பு. உன்னை அதுங்களுக்குப் பழக்கமில்ல."

ஜோசப் பின்னால் நகர்ந்து, எல்லைக்கல் வரைக்கும் போய், அங்கிருந்து பைனாகுலரைக் கண்ணில் வைத்தான். வைத்தவன் வெகுநேரம் எடுக்கவில்லை. வருகிற கார்த்திகை ஏலத்தில், வீட்டை அடகு வைத்தாவது இந்த மரங்களை அவன் கேட்பான் என்பது கோவிந்தப்பனுக்குத் தெரிந்துபோயிற்று.

கேட்கட்டும். கோவிந்தப்பனுக்கும் ஓசூரில் வீடு இருந்தது.